சாம்பலூரின் பலமும் பலவீனமும்

உலகம் அழிந்த பிறகு எப்படிப் பிழைப்பது என்று முழுமையாகத் தெரிந்த ஒரே மனிதர் கண்டியில், கொழும்பு வீதியில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தார். எந்தத் தகரப் பேணியைத் திறந்து சாப்பிடலாம், எந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது, ஆறடி எலி பாய்ந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. உலகம் இன்னும் அழியாமலிருந்த கண்டியில் ஒரு சோதனைச் சாவடியைக் கடந்து வேலைக்கு வருவது எப்படி என்பது மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

அவர் பெயர் சேவ் மாஸ்டர். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பொலிஸ்காரர்களைத் தவிர வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு கம்பியூட்டர் விளையாட்டின் நிறைகுறைகளை ஒற்றைத் தாளில் எழுதியதற்காக மனிதர் எட்டு மாதம் உள்ளே இருந்தார். அந்தத் தாளைத் தட்டச்சு செய்த புண்ணியவதி நான்தான். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிட்டால் எனக்கும் பாரம் குறையும். நான் சிரித்துச் சிரித்துச் சொல்லும்போது நீங்களும் ஏமாறமாட்டீர்கள்.

மாடியில் இருந்தது ஹாஜியாரின் கம்பியூட்டர் வகுப்பு. ஏழு கம்பியூட்டர்கள், அதில் நான்குக்கு உயிர் இருந்தது. ஹாஜியார் கலகெதரக்காரர், பரம சாது, கீழே லொறி ஹோன் அடித்தாலே நெஞ்சில் கை வைப்பவர். நான் நாவலப்பிட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, வாசலோர மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பமும் கடிதமும் தட்டிக் கொடுப்பேன். வகுப்பெடுத்தவர் மாஸ்டர். போரில் யாழ்ப்பாணம் முழுவதும் ஊரைவிட்டு ஒரே நாளில் எழுந்து நடந்ததே, அந்த நடையில் நடந்து, எங்கெங்கோ தங்கி, கடைசியில் கண்டிக்கு வந்து ஒரு லொட்ஜில் ஒதுங்கியவர். வயது நாற்பது இருக்கும். தாடி நெஞ்சுவரை இருக்கும்.

அந்தக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. அதனால் மாஸ்டர் வகுப்புக்குள் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கத்துவார்.

"சேவ் பண்ணினியளோ? எல்லாரும் சேவ் பண்ணினியளோ? சேவ் பண்ணாமல் ஒருத்தரும் வெளியிலை போகக்கூடாது!"

ஒருநாள் ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் மகளின் பிறப்புச் சான்றிதழுக்குக் கடிதம் அடிக்க வந்திருந்தார். வாசலில் நின்றபடி இந்தக் கத்தலைக் கேட்டார். மெல்லத் தன் மோவாயைத் தடவிப் பார்த்தார். மூன்று நாள் முடி. நான் கடிதத்தை அடித்து நிமிர்ந்தால் ஆளைக் காணோம். அரை மணித்தியாலம் கழித்துப் பவுடர் மணக்க, பளபளவென்ற முகத்தோடு வந்து நின்றார்.

"இப்ப சரிங்களா மாஸ்டர்? சலூன்ல கூட்டமுங்க, அதான் சொணங்கிப் போச்சு."

மாஸ்டர் தன் தாடியைத் தடவிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "வலு திறம் ஐயா," என்றார். பெரியவர் திருப்தியாகக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். படிக்கட்டில் அவர் இன்னொருவரிடம், "மொதல்ல செரச்சிட்டு மேல போங்க, உள்ள ஒரு சாமியார் ரொம்பக் கண்டிப்பு," என்று சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் சேவ் மாஸ்டர்.

ஊருக்கெல்லாம் சேவ் சொன்னவர் தான் மட்டும் சவரம் செய்யமாட்டார். அடையாள அட்டைப் படத்தில் வழுவழுவென்று ஒரு முகம், நேரில் காட்டுக்குள்ளிருந்து வந்த மாதிரி ஒரு முகம், பிறந்த இடம் யாழ்ப்பாணம். இந்த மூன்றையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் நின்றால் என்ன நடக்கும்? லொட்ஜுக்கும் வகுப்புக்கும் இடையே நடந்தால் பத்து நிமிடம். மாஸ்டருக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். நான் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் மாஸ்டர், அந்தத் தாடிய எடுத்துட்டா என்னங்க குறைஞ்சு போகும்?"

"ரேசர் வீட்டிலை கிடக்குது, பிள்ளை."

"லொட்ஜ்லயா?"

"ஊரிலை. கிணத்தடிக் கட்டிலை. வெளிக்கிடேக்கை சவர்க்காரத்தை எடுத்தனான், ரேசரை விட்டிட்டன். போய் எடுத்துப்போட்டுத்தான் சேவ் பண்ணுறது."

"இங்க கடையில ரேசர் இல்லாமலா இருக்கு?"

"உது வேறை, அது வேறை."

அதோடு பேச்சு முடிந்தது. பிடிவாதக்காரரோடு வாதாடுவதும் சுவரோடு முட்டுவதும் ஒன்று. நான் வாயை மூடிக்கொண்டு தட்டச்சில் குனிந்தேன்.

அந்த விளையாட்டு அவரிடம் வந்தது ஒரு உறையில்லாத சீடீயில். மேலே யாரோ மார்க்கர் பேனாவால் 'நல்லது' என்று எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். உண்மையான பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, தெரியாமலிருந்தது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதும் அப்போது தெரியாது. அணுகுண்டு விழுந்து உலகம் சாம்பலாகிவிட்டது. மிச்சமிருக்கும் ஓர் ஊருக்குள் ஆறு பேர் கொண்ட ஓர் அணி நுழைய வேண்டும், அவ்வளவுதான் கதை. மாஸ்டர் அந்த ஊருக்குச் சாம்பலூர் என்று பெயர் வைத்தார்.

சண்டை முறை வைத்து நடக்கும். நம் ஆட்கள் நடந்து, சுட்டு, மருந்து கட்டி முடிக்கும்வரை எதிரி ஆடாமல் அசையாமல் நிற்பான். பிறகு அவன் முறை, நாம் நிற்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் மாஸ்டர் அதற்கு முன்னால்தான் இருப்பார். சோற்றுப் பார்சல் ஒரு கையில், மௌஸ் மறு கையில்.

அணியில் இருப்பவர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். பூனையைக் கண்டாலும் வழிவிடும் ஹாஜியாருக்கு ஆளுயரத் துப்பாக்கியைக் கொடுத்து முன்னால் நிறுத்தியிருந்தார். லொட்ஜில் இருந்த மூன்று பேரை நடுவில் போட்டிருந்தார். எல்லோருக்கும் பின்னால், கடைசி வரிசையில், என்னை நிறுத்தியிருந்தார். காலையில் நான் குடையை மடித்து வைப்பதற்கு முன்னமே செய்தி வரும்.

"நேற்று நீர் மூண்டு தரம் செத்துப் போனீர், பிள்ளை."

"விடியக்காலைல நல்ல வார்த்தையே வராதா மாஸ்டர்?"

"நான் விடேல்லை. மூண்டு தரமும் சேவ் பண்ணின இடத்திலையிருந்து திரும்ப லோட் பண்ணி எழுப்பினனான். உமக்கு உயிர் சரியான குறைவு. என்ரை பஞ்சு, பண்டேஜ் முழுக்க உமக்குத்தான் முடியுது."

ஆறாவது இடம் மட்டும் எப்போதும் காலியாகக் கிடந்தது. "அதுல உங்களப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"எல்லாரும் உள்ளுக்குப் போனா ஆர் பிள்ளை சேவ் பண்ணுறது? ஆரும் ஒராள் வெளியிலை நிக்க வேணுமெல்லே."

இந்த விளையாட்டின் பலம் பலவீனம் பற்றி மாஸ்டர் பேச ஆரம்பித்தால் வகுப்பு நடக்காது. சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேச்சு வகுப்பைவிட நன்றாயிருக்கும்.

"முதலாவது பலம், மரியாதை. எதிரி எண்டாலும் எங்கடை முறை முடியுமட்டும் காத்துக்கொண்டு நிக்கிறான். எங்கடை சண்டையிலை எவன் நிண்டவன்? ரெண்டாவது, இன்னும் எத்தினை அடி எடுத்து வைக்கலாம் எண்டு கீழை எழுதிக் காட்டுறான். மூண்டாவது, உலகம் ஏற்கெனவே அழிஞ்சு போச்சு. இனி எப்ப அழியும் எண்டு ஒருத்தரும் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை. நாலாவது, சேவ்."

"பலவீனம் எண்டு பார்த்தா," என்று தாடியை நீவிக்கொள்வார், "தொண்ணூற்றைஞ்சு வீதம் சூடு படும் எண்டு எழுதிப்போட்டுக் குறி பிழைக்க விடுறான், கண்டறியாத கணக்கு. இருவது எலி வந்தா இருவதும் ஒண்டொண்டாய் நடந்து முடியுமட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேணும், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம். எட்டுத் துவக்கும் நாற்பது பேணியும் முதுகிலை கட்டிக்கொண்டு ஒருத்தன் ஓடுறான். ஊரை விட்டு ஒரு சூட்கேசோடை நாவற்குழிப் பாலம் கடந்த எனக்குத் தெரியும், அது நடக்கிற காரியமோ எண்டு. இவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகும் ஒரு சாவடியிலையும் அடையாள அட்டை கேக்கேல்லை. இதை ஆர் நம்புவான்?"

எல்லோரும் சிரிப்போம். அப்போது குரலைக் கொஞ்சம் இறக்கி இன்னொன்றும் சொல்லுவார். "பெரிய பலவீனம், செத்தவனைத் தேடி ஒருத்தரும் வாறேல்லை. அத்தினை பேர் விழுகிறாங்கள். ஒரு தாயும் பிள்ளையின்ரை படம் கொண்டு வந்து கேக்கேல்லை."

அதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தது.

கொழும்பிலிருந்து ஒரு தமிழ்க் கம்பியூட்டர் சஞ்சிகை வரத் தொடங்கியது. வாசகர்கள் விமர்சனம் எழுதலாம், ஒரு பக்கத்துக்கு மேற்படக்கூடாது என்று போட்டிருந்தார்கள். மாஸ்டர் ஒரு வாரம் எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் கையெழுத்துப் பிரதியை என்னிடம் தந்து, "ஒரு சொல்லும் மாத்தாதையும் பிள்ளை," என்றார்.

அடித்துப் பார்த்தேன். மூன்று வரி இரண்டாவது தாளுக்குப் போய்விட்டது. எழுத்தைச் சின்னதாக்கினால் கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தைக் குறைத்தால் பிரிண்டர் கடித்துவிடும். மாஸ்டர் வேறு, சட்டையை உதறிக்கொண்டு, "தபால் போகப் போகுது, கெதியாத் தாரும்," என்று தலைக்கு மேல் நிற்கிறார். நான் என்ன செய்தேன்? மேலே இருந்த மூன்று வரியை வெட்டினேன். 'இது ஒரு கம்பியூட்டர் விளையாட்டு பற்றிய விமர்சனம். விளையாட்டில் வரும் ஊர் கற்பனை. ஆட்களும் கற்பனை.' சஞ்சிகைக்காரருக்கு இது தெரியாதா, இதெல்லாம் அலங்காரம்தானே என்று நினைத்தேன். என் கெட்டித்தனத்தில் நானே மெச்சிக்கொண்டு, ஒரே பக்கத்தில் அழகாக அடித்து, அவர் கையில் கொடுத்தேன். அவர் வாசிக்காமலே நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

தபால் கந்தோருக்கு முன்னால் அன்று புதிதாக ஒரு சாவடி போட்டிருந்தார்கள்.

மிச்சமிருந்த தாளில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? தலைப்பு, 'சாம்பலூர்: பலமும் பலவீனமும்'. அதன் கீழே, 'கிழக்கு வாசலில் காவலுக்கு இரண்டு பேர்தான், ஒருவன் தூங்குமூஞ்சி. பின்வேலியால் நுழைவது சுலபம். எறிகுண்டு போதாது. ஆறு பேர் அணியில் இன்னும் ஒருவர் சேரவில்லை. ஹாஜியாரிடம் பெரிய துப்பாக்கி இருந்தும் குறி தவறுகிறது.' தாடி, அடையாள அட்டை, யாழ்ப்பாணம், இப்போது இதுவும். சாவடியில் கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் இருந்தார். கொஞ்சமாவது தெரியாமல் இருந்திருக்கக்கூடாதா என்று நான் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவு என்று ஓர் ஊர் இருப்பது அவருக்குத் தெரியும். சாம்பலூர், சாம்பல்தீவு, இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிட்டார்.

கீழ்க் கடைக்காரர் ஓடிவந்து சொன்னார். மாஸ்டரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஹாஜியார் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். கை நெஞ்சுக்குப் போனது, அங்கேயே இருந்தது.

"அல்லாஹ்வே! அந்தத் தாள்ல எண்ட பேரும் ஈக்கிதா புள்ள?"

"இருக்குங்க ஹாஜியார். துப்பாக்கியோட."

வகுப்பைப் பூட்டிக்கொண்டு கலகெதரவுக்குப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். போயிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் நான்கு பிள்ளைகள். மனிதர் எழுந்தார். மாஸ்டரின் கம்பியூட்டர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"செய்யாத குத்தத்துக்கு மனிசன உள்ளுக்கு வெச்சிக்கொண்டு இருக்க ஏலுமா? அது வெளாட்டு எண்டு கொண்டு போய்க் காட்டுவோம். நீங்க அந்தச் சீடீய எடுங்க."

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதப்போவதில்லை. மூன்று சக்கர வண்டியில் ஹாஜியார் மடியில் கம்பியூட்டர், என் மடியில் மொனிட்டர், இரண்டு பேர் கண்ணிலும் உயிர் இல்லை. வழியில் இரண்டு சாவடிகளில் இறக்கினார்கள். பொலிஸ் நிலையத்துக்குக் கம்பியூட்டரோடு ஏன் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விளையாடிக் காட்ட என்று ஹாஜியார் உண்மையைச் சொன்னார். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து அவர் காதைப் பிடித்துத் திருகினார்கள். அவர் சிங்களத்தில், நல்ல சிங்களத்தில், கெஞ்சிக் கெஞ்சிக் கடந்தார்.

அங்கே பொறுப்பிலிருந்தவர் ஒரு இன்ஸ்பெக்டர். மீசை நரைத்தவர், களைத்தவர். அவருடைய மேசையிலேயே கம்பியூட்டரைப் பொருத்தி, சீடீயைப் போட்டோம். நாலைந்து பொலிஸ்காரர்கள் சுற்றி நின்றார்கள். திரையில் சாம்பலூர் வந்தது. கிழக்கு வாசல், இரண்டு காவலாளி, அதில் ஒருவன் தூங்குமூஞ்சி. இன்ஸ்பெக்டர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அணியின் பெயர்களில் விரலை வைத்தார். தமிழில் எழுத அதில் வழியில்லை, எல்லாம் ஆங்கில எழுத்து.

முதலாவது பெயரைப் படித்து, "இது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான் மாத்தயா," என்றார் ஹாஜியார், அழாக்குறையாக.

திரையில் ஆளுயரத் துப்பாக்கியோடு நின்ற உருவத்தையும், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய உருவத்தையும் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை பார்த்தார். ஒரு பொலிஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தொப்பியால் வாயை மறைத்தார். "கடைசியில் நிற்பது?" நான் கையைத் தூக்கினேன். ஐந்து பேரையும் எண்ணினார். காலியாயிருந்த ஆறாவது கட்டத்தில் விரல் நின்றது.

"கோ ஹயவெனியா?"

ஆறாவது ஆள் எங்கே என்று கேட்டார். ஹாஜியார் கதவுக்கு அப்பால், பிடித்தவர்களை அடைக்கும் கூட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அவர் உங்ககிட்டத்தான் இருக்கிறார் மாத்தயா," என்று சிங்களத்தில் சொன்னார். அவர் குரல் நடுங்கவில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் ஒருமுறை பெரிய துப்பாக்கி தூக்கியது அப்போதுதான்.

பிறகு என்னை விளையாடச் சொன்னார்கள். எனக்கு எங்கே தெரியும்! ஒரு கதவைத் திறந்தேன். எலிகள் வந்தன. இருபது எலி. என் முறை முடிந்தது, எலிகளின் முறை. ஒன்று நடந்தது, நின்றது. அடுத்தது நடந்தது, நின்றது. போர்க்காலத்துப் பொலிஸ் நிலையத்தில், ஒரு இன்ஸ்பெக்டரும் நான்கு பொலிஸ்காரர்களும், ஒரு ஹாஜியாரும் நானும், இருபது எலி வரிசையாக நடந்து முடிவதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் எழுதிய பலவீனம் எழுத்துக்கு எழுத்து உண்மை. கடைசி எலி நேராக வந்து என்னைக் கடித்தது. நான் செத்துப்போனேன்.

"அனே, நோனா செத்துட்டாங்க!" என்று அந்தத் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் உண்மையாகவே பதறினார். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சரி, பிழைத்தோம் என்று ஹாஜியாரைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இன்ஸ்பெக்டர் தாளை மடித்தார். அது பிரதி. மூலத் தாள் ஏற்கெனவே கொழும்புக்குப் போய்விட்டது என்றார். விளையாட்டுத்தான், நான் நம்புகிறேன், நம்பிக் காரியமில்லை, இனி என் கையில் ஒன்றுமில்லை என்றார். பெயர் என்ன இந்த விளையாட்டுக்கு, அதையாவது எழுதி அனுப்புகிறேன் என்றார். நான் சீடீயைக் காட்டினேன். 'நல்லது' என்று போட்டிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார்.

சிறையில் வாரம் ஒருநாள் பார்க்கலாம். முதல் வாரம் நானும் ஹாஜியாரும் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் வந்து நின்றது. யார் என்று தெரியவில்லை. குரல் வந்த பிறகுதான் தெரிந்தது.

"சேவ் பண்ணி விட்டிட்டாங்கள், பிள்ளை."

தாடி இல்லை. அடையாள அட்டையில் இருந்த அந்த வழுவழு முகம். அதில் இரண்டு மூன்று வெட்டுக் காயம், கன்னத்தில் ஒரு வீக்கம். அது ரேசரால் வந்த வீக்கம் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாளின் கதை முழுவதையும் அங்கேயே கொட்டிவிட்டேன். மூன்று வரி, ஒரு தாள், என் கெட்டித்தனம், எல்லாம்.

"நாந்தாங்க மாஸ்டர் வெட்டினேன். ஒங்கள நாந்தான் இங்க அனுப்பினேன்."

அவர் வலையில் விரலைக் கோர்த்துக்கொண்டு யோசித்தார். எப்போதும் போல் நிதானமாக, தன் முறைக்கு நேரம் எடுத்துக்கொண்டு.

"அந்த மூண்டு வரி இருந்திருந்தா மட்டும் வாசிச்சிருப்பாங்களோ? தாடியைத்தானே முதல் வாசிச்சவங்கள். அழாதையும். அழுதா உமக்கு உயிர் குறையும். ஏற்கெனவே குறைவு."

பொய்யோ மெய்யோ, எனக்காகச் சொன்னது. அது எனக்கு அப்போதே தெரியும். அந்தக் கம்பி வலையை உடைத்து அவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் போலிருந்தது. நேரம் முடிந்தது என்று ஒரு காவலாளி தட்டினான். நாங்கள் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. "ஹாஜியார், வகுப்பிலை எல்லாரும் சேவ் பண்ணுறாங்களோ?"

எட்டாவது மாதம் வழக்கே போடாமல் விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்பதற்கு ஒரு தாள் இருந்தது, ஏன் விட்டார்கள் என்பதற்கு அதுவும் இல்லை. ஹாஜியார் அந்த எட்டு மாதமும் மாஸ்டரின் கதிரையில் வேறு யாரையும் உட்கார விடவில்லை. நான் இருந்த மேசையிலேயே இருந்தேன். படியேறி வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்து வாசலில் நின்றார்.

"விமர்சனத்திலை ஒரு பலம் எழுத விட்டுப் போச்சு," என்றார். "உள்ளுக்குப் போனவன் திரும்பி வரேக்கை, விட்ட இடத்திலை விட்ட ஆக்கள் நிக்கினம்."

அதற்குப் பிறகு அவர் அந்த விளையாட்டைத் தொடவில்லை. தாடி மறுபடி வளர்ந்தது, முன்பு போல் அடர்த்தியாக வரவில்லை. கதவு சத்தமாக அடித்தால் கையைத் தூக்கித் தலையை மூடிக்கொள்வார். பகிடிகள் இருந்தன, இடைவெளி கூடியிருந்தது. சேவ் பண்ணினியளோ என்று கத்துவது மட்டும் நின்றுபோயிற்று. கரண்ட் போய், எல்லோரும் அடித்தது அழிந்து, வகுப்பே கூப்பாடு போட்டாலும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு சமாதானம் என்றார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. முதல் வாரத்திலேயே மாஸ்டர் பையைக் கட்டினார். "ரேசர் எடுக்கப் போறன்," என்றார். ஹாஜியார் கட்டிப்பிடித்து அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு ரேசருக்காகப் போகிறாராம்!

"போயிட்டு எப்ப மாஸ்டர் வருவீங்க?"

"சேவ் பண்ணினவுடனை வாறன்."

ஒரு கடிதம் வந்தது. வீடு இருக்கும் பக்கம் முழுவதும் முள்வேலி, உள்ளே ஆமி. கிணற்றடிவரை போக விடவில்லையாம். 'வீடு நிக்குது எண்டு சொல்லுறாங்கள். வேலிக்கு வெளியிலை நிண்டு பாத்தனான், தென்னை மட்டும் தெரியுது. விடுவாங்கள், விடுமட்டும் வன்னியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை கம்பியூட்டர் படிப்பிக்கிறன்.' அடியில், 'உயிரைக் கவனியும்' என்று எழுதியிருந்தார். பிறகு பாதை மறுபடி மூடப்பட்டது. அதற்குப் பிறகு வன்னியில் என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டரைத் தேடி ஹாஜியார் தனக்குத் தெரிந்த எல்லாக் கந்தோருக்கும் எழுதினார், நான் அடித்துக் கொடுத்தேன். ஒரு வரியும் வெட்டவில்லை. மாஸ்டரின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இணைப்பதற்கு வகுப்பு ரெஜிஸ்டரில் இருந்த கையொப்பம்தான் இருந்தது. பதில் எதுவும் வரவில்லை.

போன மாதம் ஹாஜியாரின் மகன் வகுப்பை விற்றார். மூலையில் கிடந்த மாஸ்டரின் பழைய கம்பியூட்டரை நான் கேட்டு வாங்கி வந்தேன். பழுதுபார்ப்பவர் உயிர் கொடுத்துத் தந்தார். சாம்பலூர் அப்படியே இருக்கிறது. கிழக்கு வாசலுக்கு வெளியே ஐந்து பேரும் காயமில்லாமல் நிற்கிறார்கள். பண்டேஜ் முழுவதும் என் பையில் இருக்கிறது. ஹாஜியார் மௌத்தாகி மூன்று வருடமாகிறது, அங்கே துப்பாக்கியோடு முன்னால் நிற்கிறார்.

ஆறாவது கட்டத்தில் நான் ஓர் ஆளைச் சேர்த்தேன். தாடி வைத்த முகமாகத் தேடி எடுத்தேன். கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பண்டேஜில் பாதியை அவர் பைக்கு மாற்றினேன். தினமும் அடுப்பு வேலை முடிந்து ஒரு கதவு, ஒரே ஒரு கதவுதான் திறப்பேன். அதற்கு முன் சேவ் பண்ணுவேன். பயப்படாமல் உள்ளே போங்க மாஸ்டர், இப்ப வெளியில நான் நிக்கிறேன்.